கிரிட்டிங்குக்கு "கட்டமேற்றம்" சரியா வருமா?

அங்கங்க சிதறிக் கிடக்கற அளவீடுகளை வெச்சு, சீரான கட்டங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு போடற வேலைதான் கிரிட்டிங் (gridding). அதுக்குத் தமிழ்ல தனியா ஒரு சொல் எதுக்கு, "இடைக்கணிப்பு"ன்னே விட்டுடலாமேன்னு கேக்கறாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. இடைக்கணிப்பு, அதாவது இன்டர்போலேஷன்ங்கறது ரெண்டு அளவீட்டுக்கு நடுவுல உள்ள மதிப்பைக் கணக்கு போட்டு எடுக்கறது. கிரிட்டிங்ல சில நேரம் அது தேவையே படாது, ஒரே கட்டத்துக்குள்ள பத்து அளவீடு விழுந்தா சராசரி எடுத்து வெச்சா வேலை முடிஞ்சுது. இடைக்கணிப்பு ஒரு வழி, கிரிட்டிங்தான் முழு வேலை.

"கட்டமாக்கல்" மோசமில்ல, ஆனா வாய்விட்டு சொல்லிப் பாருங்க, கட்டமைத்தல், கட்டாயமாக்கல் எல்லாம் கூடவே காதுல விழுது. "வலைப்படுத்தல்"னா இணையம்தான் ஞாபகம் வருது.

நான் சொல்றது கட்டமேற்றம். அரங்குல ஏத்தினா அரங்கேற்றம், கட்டத்துல ஏத்தினா கட்டமேற்றம். கட்டமேற்று, கட்டமேற்றிய தரவுன்னு வினையும் தானா கிடைக்குது, ஒரு கட்ட அமைப்புல இருக்கற தரவை வேற கட்ட அமைப்புக்கு மாத்தற ரீகிரிட்டிங்குக்கு மறுகட்டமேற்றம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "ஏற்று". தரவு தானா ஏறல, நாம ஏத்தறோம். 40 கிணத்துல நீர்மட்டம் அளந்து நூறுக்கு நூறு கட்டத்துல போட்டா 10,000 மதிப்பு வருது, அளந்தது 40தான், மிச்சம் பூரா நம்ம கணக்கு. ஷெப்பர்ட்ங்கறவர் 1968-ல சொன்ன முறையில, அதாவது தூரம் கூடக்கூட எடையைக் குறைச்சுப் போட்டா, ஒவ்வொரு கிணத்தைச் சுத்தியும் வட்டம் வட்டமா கோடு விழும், பாக்கறவங்க நிலத்தடியில நிஜமாவே அப்படித்தான் இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. நானே ஆரம்பத்துல அப்படி ஒரு வட்டத்தை நம்பி அறிக்கையில எழுதி அப்புறம் அடிச்சுத் திருத்தினேன். "ஏற்றிய"ன்னு சொல்லுலயே இருந்தா படிக்கறவர் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

கிரிகிங்ங்கற இன்னொரு இடைக்கணிப்பு முறையோட பேரை மட்டும் அப்படியே விட்டுடலாம். டேனி கிரிகேங்கற தென்னாப்பிரிக்க சுரங்கப் பொறியாளர் நினைவா மாதெரோன் வெச்ச பேர் அது, ஆள் பேரை என்னன்னு பெயர்க்கறது.

நோட் (கோடு வெட்டிக்கற இடம்), செல் (சதுரம்) ரெண்டையும் நாம கட்டம்னே சொல்லிட்டிருக்கோம், அது சரியில்ல. சில மென்பொருள் கோடு வெட்டிக்கற இடத்துல மதிப்பை வைக்குது, சிலது சதுரத்தோட நடுவுல வைக்குது, இதைக் கவனிக்காம ரெண்டு படத்தை மேல மேல வெச்சா எல்லாம் அரைக்கட்டம் நகர்ந்து நிக்கும். சதுரத்துக்குக் கட்டம், வெட்டற இடத்துக்குக் கணுன்னு வெச்சுக்கலாம்னு தோணுது, கணுவைவிடப் பொருத்தமா இருந்தா சொல்லுங்க.