மலிவு விலை ஃபிக்ஸி சைக்கிளை வாங்கலாமா?

கேள்வி (திருப்பூர்): கல்லூரியில் படிக்கும் என் தம்பி, இணையத்தில் பளிச்சென்ற நிறங்களில் விற்கப்படும் ஃபிக்ஸட் கியர் (ஃபிக்ஸி) சைக்கிளைக் கேட்டு அடம்பிடிக்கிறான். முன்பிரேக் கூட இல்லாத அந்த வண்டியை அவிநாசி சாலை நெரிசலில் ஓட்டலாமா?

பதில் (பீளமேடு): ஓட்டவே கூடாது. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீல் இதில் இல்லாததால் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். பெடலை எதிர்த்து அழுத்தியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால், பின்பல்சக்கரமும் அதைக் கழலாமல் பிடித்திருக்கும் இடப்புரி மரை கொண்ட லாக்ரிங்கும்தான் அந்த விசை முழுவதையும் தாங்குகின்றன. மட்டமான ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) இந்த மரை தேய்ந்து போய்விட்டால் பல்சக்கரம் தனியே சுற்றும், வண்டி நிற்காது. லேத் பட்டறைகள் நிறைந்த நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பத்து நிறங்களைப் பட்டியலிடும் விற்பனையாளரிடம் ஹப்பின் மரை அளவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பதில் (ஈரோடு): ஏற்கெனவே வாங்கியிருந்தால், பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, செயின் எந்த இடத்திலாவது தொய்கிறதா என்று பாருங்கள், தொய்ந்த செயின் ஓட்டத்தில் கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரமும் மறுபக்கம் ஃப்ரீவீலும் உள்ள இருபுற ஹப் என்றால் சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீல் பக்கம் மாட்டி, முன்னும் பின்னும் பிரேக் பொருத்துங்கள். மருதமலை இறக்கத்துக்கு மட்டும் அப்போதும் அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. உள்ளூர்க் கடையில் பிரேக் உள்ள சாதாரண சைக்கிளையே பார்க்கிறோம்; தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.