ஹால் ஸ்பீக்கர் மாடியில் தெரியவில்லை: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

மாடி அறைக்கென்று இரண்டாவது ரவுட்டர் போட்ட நாளில் தொடங்கியது தொல்லை. ஹாலில் இருக்கும் ஏர்பிளே (போனிலிருந்து வைஃபை வழியாகப் பாட்டு அனுப்பும் ஆப்பிளின் முறை) ஸ்பீக்கர் மாடியில் போனில் தெரியவே தெரியாது. படியிறங்கிக் கீழ் வைஃபையில் சேர்ந்தால் உடனே வந்துவிடும். இணையம் இரண்டு இடத்திலும் நன்றாகவே ஓடியது. ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தடவை ரீசெட் செய்தேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

பாட்டை அனுப்பும் முன்பு போன் ஸ்பீக்கரைத் தேட வேண்டும். 'பாடக்கூடியவர் யாராவது உண்டா?' என்று 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 போர்ட்டில் குரல் கொடுக்கும். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடும் இந்த முறைக்குத்தான் எம்டிஎன்எஸ் என்று பெயர். இந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. என் மாடி ரவுட்டர் 192.168.1 என்று தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்தது, கீழே 192.168.0. மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழ் நெட்வொர்க்கையே வைஃபையில் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆனது, ஸ்பீக்கர் வந்துவிட்டது.

பதில் 1

அண்ணா, எங்கள் வீட்டில் ஒரே ரவுட்டர்தான், ஆனாலும் இதே கதை. பாதுகாப்புக்காக ஸ்பீக்கரை விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் போட்டிருந்தேன். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் சரியானது.

இன்னொன்றும் கவனித்தேன். போனில் சொன்னதை ஓட்டும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவியில் பாட்டு போட்டுவிட்டு அம்மா போனோடு கடைக்குப் போய்விட்டார், பாட்டு நிற்கவில்லை. போன் சொல்வது பாட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும். கருவியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. போனிலிருந்து ஏர்பிளேயில் போட்டிருந்தால் தெருமுனைக்குள் நின்றிருக்கும்.

பதில் 2

எனக்கு வந்தது எதிரொலி. சமையலறையிலும் ஹாலிலும் ஆளுக்கொரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, இரண்டிலும் ஒரே பாட்டுத் தொகுப்பைத் தனித்தனியாக ஓடவிட்டேன். ஒன்றாகத் தொடங்கினாலும் போகப் போக விலகியது. ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் தன் வேகத்தில்தான் ஓடும். பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்றாலே மணிக்கு 0.18 விநாடி தள்ளிப்போகும். நடுவில் நின்றால் காதுக்கு நன்றாகவே தெரியும்.

பல அறைகளில் பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் ஸ்நாப்காஸ்ட் என்ற மென்பொருளைப் போட்ட பிறகுதான் நிம்மதி. அது ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, 'இதை இந்த நேரத்தில் ஒலி' என்று ஒவ்வொன்றிலும் நேரம் குறித்து அனுப்புகிறது. முந்தினால் சற்று மெதுவாக, பிந்தினால் சற்று வேகமாக என்று ஒவ்வொரு கருவியும் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் ஒரு விநாடி ஒலியைக் கையிருப்பில் வைக்கிறது.

படம் பார்க்க மட்டும் இது வேண்டாம் அண்ணா. உதடு அசைந்து ஒரு விநாடி கழித்துத்தான் குரல் வரும். டிவிக்கு நான் கேபிள்தான் இழுத்திருக்கிறேன்.