மறுமொழி: கருனியில் இருப்பது வழுவா, ஓட்டையா, புழையா?

அன்பார்ந்த குழுவினருக்கு,

வணக்கம். நான் கேட்டது ஒரே ஒரு வரிக்கான சொல்லை. இயங்குதளப் புதுப்பிப்பு அறிவிப்பில், “கருனியின் நினைவக மேலாண்மையில் இருந்த ______ சரிசெய்யப்பட்டது, சாதாரணப் பயனர் ரூட் உரிமை பெற இது வழிவிட்டது” என்று வர வேண்டும். (கருனி என்பது kernel, இயங்குதளத்தின் மைய நிரல்; ரூட் உரிமை என்பது கணினியில் எதையும் செய்யவல்ல முழு உரிமை.) சரங்களை, அதாவது மொழிபெயர்க்க வேண்டிய திரை வரிகளை, இறுதியாகப் பூட்ட இரண்டு நாள்களே உள்ள நிலையில், கோடிட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

> ‘வழு’ என்றே எழுதலாமே, புதுச்சொல் எதற்கு?

எழுத இயலாது. நிரலில் நேரும் குறை எதுவானாலும் அது வழுதான். பொத்தானின் எழுத்து சற்று நகர்ந்து நிற்பதும் வழுதான். நமக்கு வேண்டியது, அயலார் உள்ளே புக இடங்கொடுக்கும் வழுவுக்கான பெயர். இலக்கணத்தில் வழுவுக்கு வழுவமைதி உண்டு. கருனியில் இத்தகைய வழுவுக்கு அமைதி கூற ஒருவரும் துணியமாட்டார்.

> ‘வேட்டுப்புழை அருப்பம்’ என்கிறது முல்லைப்பாட்டு. அரணின் சிறுவாயில் புழை.

ஐயா எடுத்துக்காட்டிய சொல் அரணோடு பிறந்த சொல். பொருளும் நன்றாகவே பொருந்துகிறது. அங்கிருந்து யானையின் புழைக்கை வரை அவர் சென்றதையும் விரும்பியே படித்தேன். ஆனால் நேற்று அதைச் சோதனைப் பதிப்பில் இட்டுப் பார்த்தபோது, கைப்பேசியின் சிறிய எழுத்துருவில் ‘புழை’யும் ‘பிழை’யும் ஒன்றுபோலவே தெரிந்தன. அதே திரையில் இரண்டு வரி மேலே “பிழை: இணைப்பு இல்லை” என்று வேறு இருக்கிறது. பார்த்த இருவருமே அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்தச் சொன்னார்கள்.

> ‘ஓட்டை’ கொச்சை.

கொச்சை என்பதால் எனக்குத் தயக்கமில்லை. தயக்கத்திற்குக் காரணம் வேறு. 2016-இல் திருத்தப்பட்ட, ‘டர்ட்டி கவ்’ (Dirty COW) எனப்படும் லினக்ஸ் கருனியின் வழுவையே எடுத்துக்கொள்வோம். (அதை ‘அழுக்கு மாடு’ என்று பெயர்த்த நண்பர் கவனிக்க: அந்தக் ‘கவ்’, எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் முறையின் (copy-on-write) முதலெழுத்துச் சுருக்கம்.) படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட நிரல் அதில் எழுத முனைந்தால், கருனி அதற்குத் தனி நகலைத் தர வேண்டும். நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் செயலோட்டங்களில் (thread) ஓர் இழை எழுதிக்கொண்டே இருக்க, மற்றோர் இழை அந்த நகல் வேண்டாமென்று உதறிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கணத்தில் எழுத்து மூலக் கோப்பிலேயே போய் விழுந்துவிடும். எந்நேரமும் திறந்து கிடக்கும் ஓட்டை இங்கே எங்கும் இல்லை. இரு செயல்களுக்கு நடுவே தோன்றி மறையும் ஓர் இடைவெளிதான் உண்டு.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இலேயே இதைத் திருத்த முயன்றதும், ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் எழுந்ததால் அம்முயற்சி விலக்கப்பட்டதும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் அவர் எழுதிய குறிப்பிலேயே உள்ளன. அந்தத் திருத்தமும் எதையும் அடைக்கவில்லை. நகல் தரப்பட்டதை நினைவில் வைக்க ஒரு கொடியை (flag, ஆம்-இல்லை என்னும் குறி) சேர்த்தது, அவ்வளவுதான். திருத்த நிரலுக்கு (patch) ‘ஒட்டு’, ‘ஒட்டுப்போடுதல்’ என்பவற்றை நான் ஏற்காததும் இதனால்தான், ‘திருத்தம்’ போதும்.

இருந்தும், மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘பாதுகாப்பு ஓட்டை’ என்றே சொல்லிவிட்டதால் அதையே இடுகிறேன். அதிலும் ஒரு சிக்கல்: தமிழில் ஓட்டையை அடைக்கிறோமே தவிர, திருத்துவதில்லை. ஆகவே வரியின் வினையும் மாறி, “பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது” என்றாகிறது. அடைக்கப்பட்டது எதுவுமில்லை என்று மேலே எழுதியவனும் நானே.

புழையை விட்டுக்கொடுக்க மறுக்கும் ஐயா, கலைச்சொல் பட்டியலிலாவது அடைப்புக்குறிக்குள் அது இடம்பெற வேண்டும் என்கிறார். சேர்த்துவிடுகிறேன், பட்டியலின் எழுத்துரு சற்றுப் பெரியது.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்