லினக்ஸில் எலைட் ஃபோர்ஸ் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது: உதவி தேவை

பழையவட்டு:
வணக்கம். ஸ்டார் ட்ரெக் வாயேஜர் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி 2000-இல் வந்த எலைட் ஃபோர்ஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்ட முயல்கிறேன். திரை கறுப்பாகிறது, உடனே விளையாட்டு மூடிக்கொண்டு முகப்புத் திரைக்கே திரும்பிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. மற்ற விளையாட்டுகள் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. தெரிந்தவர்கள் விரைந்து உதவ வேண்டுகிறேன்.

வடக்குவீதி:
வணக்கம் நண்பரே. எந்த லினக்ஸ், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் எந்தக் கருவி வழியாக ஓட்டுகிறீர்கள் (ஒயினா, லூட்ரிஸா, ஸ்டீமில் சேர்த்து புரோட்டானா), விளையாட்டு பழைய குறுந்தட்டிலிருந்து எடுத்ததா அல்லது 2021-இல் இணையக் கடைக்கு மறுபடி வந்த பதிப்பா என்ற நான்கையும் கூறுங்கள். இவை தெரியாமல் யார் என்ன கூறினாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

மின்னல்கொடி:
இது லினக்ஸில் திரையைக் கையாளும் வேலேண்டின் வேலை என்றே எனக்குப் படுகிறது. பழைய விளையாட்டுகள் முழுத்திரைக்குச் சென்று திரை அளவை மாற்ற முயலும்போது வேலேண்ட் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வெளியேறி, அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11 அமர்வில் மீண்டும் நுழைந்து பாருங்கள். என் கணினியில் பாதிச் சிக்கல்கள் அதிலேயே தீர்ந்தன.

செவ்வாய்வாசி:
டிஎக்ஸ்விகே நிறுவியிருக்கிறீர்களா? விண்டோஸ் விளையாட்டு கறுப்புத் திரையோடு நின்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். புதிய பதிப்புகளுக்கு வல்கன் 1.3 (கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் ஓர் இடைமுகம்) தேவை என்பதால், பழைய கார்டாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

நிரல்நேசன்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை அளித்தாயிற்று. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லாததால்தான் ஒவ்வொரு முறையும் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தவிர, இந்த விளையாட்டுக்கு ஐஓஈஎஃப் என்ற திறமூல இன்ஜின் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்) நேரடியாக லினக்ஸிலேயே ஓடுகிறது. கட்டற்ற மென்பொருளை மதிக்கும் ஒருவர் ஒயினைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

வடக்குவீதி:
செவ்வாய்வாசி அவர்களுக்கு: டிஎக்ஸ்விகே என்பது விண்டோஸின் டைரக்ட்3டி கிராஃபிக்ஸ் அழைப்புகளை வல்கனுக்கு மாற்றித் தருவது. எலைட் ஃபோர்ஸ், குவேக் 3 என்ற விளையாட்டின் இன்ஜினில் எழுதப்பட்டது. அது வல்கனைப் போன்ற மற்றோர் இடைமுகமான ஓபன்ஜிஎல்லை நேரடியாக அழைக்கிறது. ஆகவே டிஎக்ஸ்விகே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே மாற்றம் எதுவும் நேராது.

நிரல்நேசன் அவர்களுக்கு: ஐஓஈஎஃப் ஓட்டுவது ஹோலோமேட்ச் என்ற பலர் ஆடும் பகுதியை மட்டுமே. கதைப் பகுதிக்கு வேறொரு இயங்குகோப்பு உண்டு, அதன் இன்ஜின் மூலநிரல் வெளிவரவில்லை. கேட்டவர் எந்தப் பகுதியை ஆட விரும்புகிறார் என்று நாம் இன்னும் கேட்கவே இல்லை. அதுமட்டுமன்றி, ஒயினும் கட்டற்ற மென்பொருளே. 1993-இல் தொடங்கிய திட்டம் அது, 2002 முதல் எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. அதைத் தொடுவது கொள்கைக்கு முரண் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை.

பழையவட்டு:
லினக்ஸ் மின்ட், சினமன் முகப்பு. மடிக்கணினியின் உள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ். பழைய குறுந்தட்டிலிருந்து நிறுவி, விரிவாக்கத் தொகுப்பையும் சேர்த்து, லூட்ரிஸில் ஒயின் வழியாக ஓட்டுகிறேன். கதைப் பகுதியும், கப்பலுக்குள் நடந்து பார்க்கும் விர்ச்சுவல் வாயேஜர் பகுதியும்தான் வேண்டும்.

வடக்குவீதி:
நன்றி. சினமன் இயல்பாக எக்ஸ்11-இலேயே இயங்குகிறது. நீங்களாக மாற்றாதவரை வேலேண்ட் காரணமாக இருக்க முடியாது. விளையாட்டின் தொடக்கக் கட்டளையில் பதிவுக் கோப்பு எழுதும் தெரிவைச் சேர்த்து ஒருமுறை ஓட்டி, அந்தக் கோப்பின் கடைசி சில வரிகளில் என்ன இருக்கிறது என்று கூறுங்கள்.

நிரல்நேசன்:
கதைப் பகுதியை ஓட்ட முடியாததற்குக் காரணமே மூலநிரலைப் பூட்டி வைத்ததுதான், ஆகவே நான் கூறிய கொள்கை சரியென்றே நிற்கிறது. குவேக் 3 இன்ஜினின் மூலநிரல் 2005-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்ததால்தான் இன்று எந்தக் கருவியிலும் அதை ஓட்ட முடிகிறது. பூட்டிய மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குபவர்கள், அது ஒருநாள் நின்றுபோகும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

கருந்துளை:
இதில் ஒரு பாதி சரி, மறுபாதி கடுமை. 2005-இல் கட்டற்றதாக வெளிவந்தது இன்ஜினின் நிரல் மட்டுமே. வரைபடங்கள், ஒலிகள், உருவங்கள் எல்லாம் இன்றும் விலைக்குரியவையே, அதனால் அந்த விளையாட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. நிரலைத் திறந்து, படைப்பை விற்பது என்ற அந்த வழியைப் பலரும் பின்பற்றியிருந்தால் பழைய விளையாட்டுகளில் பெரும்பகுதி பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இதே இன்ஜினின் வழிவந்த இரண்டு ஸ்டார் வார்ஸ் ஜெடாய் விளையாட்டுகளின் மூலநிரலும் 2013-இல் வெளிவந்தது, அதன்பின் ஓப்பன்ஜேகே திட்டத்தினர் அவற்றை இன்றைய கணினிகளுக்கு ஏற்பத் திருத்தி வருகிறார்கள். எலைட் ஃபோர்ஸுக்கு அந்த வாய்ப்பு முழுமையாக அமையவில்லை என்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. ஆனால் அதற்காக, குறுந்தட்டு வைத்திருப்பவரிடம் வாங்கியிருக்கக் கூடாது என்று கூறுவதில் யாருக்கு என்ன பயன்?

மின்னல்கொடி:
வாயேஜர் தொடரின் மீது எனக்குள்ள பெரிய குறை, கப்பல் எவ்வளவு அடிபட்டாலும் அடுத்த வாரம் புதிதுபோல் வந்து நின்றுவிடும் என்பது. வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தொலைவில், பழுதுபார்க்க ஒரு துறைமுகமும் இல்லாத கப்பல் அப்படி இருக்க முடியாது. அந்தத் தனிமையைத் தொடரைக் காட்டிலும் இந்த விளையாட்டின் முதல் சில கட்டங்கள் நன்றாக உணர்த்தின. விர்ச்சுவல் வாயேஜரில் தளம் தளமாக நடப்பதும் அத்தகைய அனுபவமே. இவர் அதைத் தேடுவது எனக்குப் புரிகிறது.

கருந்துளை:
இந்த விளையாட்டில் வரும் துப்பாக்கி ஏந்திய தனிப்படை என்பதே அந்தத் தொடரின் இயல்புக்கு ஒவ்வாதது என்று நான் கருதுகிறேன். பேசித் தீர்க்க முயல்வதுதானே ஸ்டார் ட்ரெக்? எனினும் கப்பலை நடந்து பார்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை.

பழையவட்டு:
பதிவுக் கோப்பில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்கிறது, அடுத்த வரியில் ஓபன்ஜிஎல் பதிப்பு எண் இருக்கிறது. அதோடு கோப்பு முடிந்துவிடுகிறது.

வடக்குவீதி:
காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. அடுத்து வர வேண்டிய வரி, ஓபன்ஜிஎல் நீட்சிகளின் பட்டியல். விளையாட்டு தொடங்கும்போது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் "உனக்கு என்னென்ன கூடுதல் வசதிகள் தெரியும்?" என்று கேட்கும், டிரைவர் எல்லாப் பெயர்களையும் ஒரே நீண்ட சரமாகத் திருப்பித் தரும். 2000-இல் அந்தப் பட்டியல் சிறியது; ஆகவே அக்காலத்து நிரல்கள் அதற்கென ஒரு குறிப்பிட்ட அளவு நினைவக இடத்தை ஒதுக்கி, நீளத்தைச் சரிபார்க்காமல் அதில் எழுதின. ஆண்டுதோறும் நீட்சிகள் பெருகி, இன்றைய பட்டியல் அந்த இடத்தைத் தாண்டி வழிகிறது. பக்கத்து நினைவகம் கெட்டு, விளையாட்டு விழுந்துவிடுகிறது. 2008-இல் வந்த ஓபன்ஜிஎல் 3.0-இல் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும் முறை வந்தது, ஆனால் அதற்கு முன்பே எழுதிய நிரலுக்கு அது தெரியாது. இதை லினக்ஸின் குறையாகவும் ஒயினின் குறையாகவும் கொள்ள வேண்டாம். விண்டோஸிலும் புதிய டிரைவர்களோடு இந்த இன்ஜினின் பழைய விளையாட்டுகள் இதே போல் விழுந்திருக்கின்றன.

இன்டெல் சிப்புக்கு நீங்கள் பயன்படுத்துவது மெசா டிரைவர். இதற்கென்றே அதில் ஒரு சூழல் மாறி (நிரல் தொடங்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு) உண்டு. அதன் பெயர் மெசா, எக்ஸ்டென்ஷன், மேக்ஸ், இயர் என்ற நான்கு சொற்கள். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. லூட்ரிஸில் அந்த விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து, சிஸ்டம் தெரிவுகளில் சூழல் மாறிகள் என்ற இடத்தில் இந்தப் பெயரைச் சேர்த்து, மதிப்பாக 2003 என்று இடுங்கள். அந்த ஆண்டுக்குப் பின் வந்த நீட்சிகளை மெசா பட்டியலில் காட்டாது, சரமும் சுருங்கிவிடும். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் இதை இடுங்கள்; கணினி முழுவதற்கும் இட்டால் புதிய விளையாட்டுகள் பழுதாகும்.

என்விடியா டிரைவர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்குரிய மாறி வேறு. இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் ஜிஎல், அடிக்கோடு, இடைவெளியின்றி எக்ஸ்டென்ஷன் ஸ்ட்ரிங் வெர்ஷன், மதிப்பு 17700.

நிரல்நேசன்:
நானும் இதைத்தான் கூற இருந்தேன். மெசா திறமூலமாக இருப்பதால்தான் இப்படியொரு வசதியை ஒருவர் எழுதிச் சேர்க்க முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கருந்துளை:
அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். விளையாட்டின் நிரல் பூட்டிக் கிடந்தபோதும், அதன் கீழே இருக்கும் அடுக்கு திறந்திருந்ததால் வழி கிடைத்தது.

பழையவட்டு:
2003 என்று இட்டதும் திறந்துகொண்டது. ஒலியும் வருகிறது. மிக்க நன்றி.

வடக்குவீதி:
மகிழ்ச்சி. ஒயின் பதிப்பு எண்ணையும், விரிவாக்கத் தொகுப்பின் விர்ச்சுவல் வாயேஜர் பகுதி சிக்கலின்றி ஓடுகிறதா என்பதையும் எழுதினால், இதே சிக்கலோடு வருபவர்களுக்கு உதவும்.

செவ்வாய்வாசி:
எனக்கும் அது தெரிய வேண்டும். என்னிடமும் இதே குறுந்தட்டு இருக்கிறது, கார்டு மட்டும் என்விடியா.