பென்சில் டப்பாவில் கிடந்த தோட்டா

வண்டன்மேட்டுக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம். கல்யாணமாகி வந்த அன்றைக்கே பார்த்தேன், மாமனாரின் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஹாலில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் உள்ளதுதான், காட்டுப்பன்றிக்காக வாங்கியது. மகன் தவழ ஆரம்பித்ததும் அது பீரோவுக்கு மேலே போனது, நடக்க ஆரம்பித்ததும் பீரோவுக்குள்ளே போனது, சாவி முருகன் படத்துக்குப் பின்னால். அதோடு எல்லாம் பத்திரம் என்று இருந்துவிட்டோம்.

போன வருஷம் அவனுக்கு 7 வயது. துவைக்கலாமென்று ஸ்கூல் பையைக் காலி செய்தால் பென்சில் டப்பா கனக்கிறது. உள்ளே சிவப்புத் தோட்டாக் கூடு ஐந்து. சுட்டுப் போட்ட கூட்டை இங்கே எல்லாப் பிள்ளைகளும் பொறுக்கும், உதட்டில் வைத்து ஊதினால் விசில் அடிக்கும், கோலிக்குண்டுக்கு மாற்றிக்கொள்ளும். நான்கு கூடு வாய் திறந்து கிடந்தது. ஐந்தாவதின் வாய் பூ மாதிரி மடித்து மூடியிருந்தது. எனக்கு அப்போது வித்தியாசம்கூடத் தெரியாது, கனத்தை வைத்துத்தான் சந்தேகப்பட்டேன். மாமா வாங்கித் திருப்பிப் பார்த்தார். சுட்டதென்றால் பித்தளை அடியில் நடுவே ஊசி குத்திய பள்ளம் இருக்குமாம். இதில் இல்லை.

"எங்கடா எடுத்தே?"

"தாத்தா பீரோவுல. சாவிதான் முருகனுக்குப் பின்னாடி இருக்கும்ல." சர்க்கரை டப்பா இருக்கும் இடத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே இடத்துல வைக்காதீங்க மாமா" என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேனே தாயி" என்றார். கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரே துப்பாக்கியை எடுத்து வந்து, மடக்கித் திறந்து, பேரனைக் கூப்பிட்டு, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்க்கச் சொன்னார். "அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதா? தெரிஞ்சாத்தான் காலி. தாத்தா காலின்னு சொன்னாலும் நம்பாதே." பார்க்கும் ஆசை தீர்ந்தால் தொடும் ஆசை குறையும் என்பது அவர் கட்சி. எனக்கு இன்றுவரை அதில் முழு உடன்பாடு கிடையாது, ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததில் உண்டு: குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகக் கழற்றி வைக்கிறார், தோட்டா தனியாக ஒரு இரும்புப் பெட்டியில், அந்தச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை, ஆனால் வாசலுக்கு வருகிறது. 2022-ல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர்களே பன்றியைச் சுட அனுமதி தரலாம் என்று ஆன பிறகு, லைசென்ஸ் உள்ளவர்கள் ராத்திரியில் தோட்டம் தோட்டமாக வருகிறார்கள். ஒருநாள் வந்தவர் துப்பாக்கியைத் தூணில் சாய்த்துவிட்டுக் காபி குடிக்கிறார், என் தங்கச்சி மகள் பக்கத்தில் போய் விரலால் தடவிக்கொண்டு நிற்கிறாள். "லோடு இருக்கா சேட்டா?" என்றால், "உண்டு, ஆனா ஒண்ணும் ஆகாது" என்கிறார்! சண்டைதான் போட்டேன். இப்போது கேட்டிலேயே தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மடக்கியபடி கையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும், யாராக இருந்தாலும். இன்னொன்று, பிள்ளைகளுக்கு அவுட்டுக்காயையும் (பன்றிக்காக உள்ளே வெடி மறைத்துப் போடும் காய்) சேர்த்துச் சொல்லுங்கள். 2020-ல் இதே பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்துச் சினையானை செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தோட்டத்தில் கிடக்கும் பழத்தைப் பையன்கள் எடுக்காமல் இருப்பார்களா?

குமுளிக்காரர், இப்போது டெக்சாஸில்:

இங்கே துப்பாக்கி சங்கமே 1988-லிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கழுகுப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது: நில், தொடாதே, ஓடு, பெரியவர்களிடம் சொல். என் மகளுக்கு மனப்பாடம். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2001-ல் வந்த ஒரு ஆய்வில் 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை, இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், மேஜை டிராயரில் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி. 29 குழுவில் 21 குழு அதைக் கண்டுபிடித்தது, 16 குழு கையில் எடுத்தது, 10 குழுவில் யாரோ ஒருவன் விசையை இழுத்தும்விட்டான். தொட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். அதனால் மகள் சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போகும்முன் நானே போன் செய்து கேட்டுவிடுகிறேன், துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா, தோட்டா தனியா என்று. முதல்தடவை நாக்கு எழவில்லை. வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்லும் மூச்சிலேயே இதையும் சொல்லிவிடுவது சுலபம்.

மறையூரிலிருந்து ஒருவர்:

தீபாவளி கேப் துப்பாக்கியை யாரும் சொல்லவில்லையே. அதைத் தங்கச்சி நெற்றியில் வைத்து 'டுமீல்' என்று சுட்டால் வீடே சிரிக்கிறது. எங்கள் வீட்டில் பொம்மையானாலும் ஆளைப் பார்த்து நீட்டினால் அன்றைக்கே பறிமுதல். அழுதால் அழட்டும்.

முதலில் எழுதியவர்:

கேப் துப்பாக்கி எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. எங்கள் துப்பாக்கியைத் தேர்தல் முடியும்வரை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அங்கேயே கிடந்தது, அத்தனை நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். போன வாரம் மாமா திரும்ப வாங்கி வந்தார். மகன் நடையிலேயே நின்றுகொண்டு, "தொறந்து காட்டுங்க தாத்தா" என்கிறான். "ஸ்டேஷன்ல இருந்து வருதுடா, இதுல என்ன இருக்கப்போகுது" என்று அவருக்கு எரிச்சல், ஜீப்பில் வந்த அலுப்பு வேறு. இவன் நகரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மடக்கித் திறந்து காட்டினார்.