மறு: ஈசிங் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். அசைவூட்டம் என் தொழில் அல்ல. மாலை நேரங்களில் பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளோடு மல்லுக்கட்டுபவன், அவ்வளவுதான். ஆனால் ஈசிங் என்ற இந்த ஒரு சொல்லில், அதாவது ஓர் அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும்படி வேகத்தை மாற்றுவதில், நிறைய அடிபட்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

> 'சீரான அசைவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். பள்ளி இயற்பியலில் சீரான இயக்கம் என்றால் வேகம் மாறாத இயக்கம். நாம் ஒழிக்க நினைப்பதே அதைத்தான். ஒரு பாத்திரம் கையை 90 பாகை உயர்த்துகிறது, நொடிக்கு 24 சட்டகம் (படம்), அரை நொடியில் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் நடுவே 12 தாவல்கள். எல்லாத் தாவலும் 7.5 பாகை என்றால் அது சீரான அசைவு. பார்த்தால் இயந்திரக் கை. அதையே 1, 3, 6, 9, 12, 14, பிறகு 14, 12, 9, 6, 3, 1 என்று பிரித்துப் பாருங்கள். அதே 90 பாகை, அதே அரை நொடி. இப்போது அது ஒருவருடைய கை. உடம்புக்கு எடை உண்டு, எடுத்த எடுப்பில் முழு வேகம் வராது, நினைத்த இடத்தில் சட்டென்று நிற்கவும் முடியாது. இந்தக் கூட்டலும் குறைத்தலும்தான் ஈசிங்.

'எளிதாக்கம்' என்ற பரிந்துரை ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடியதால் வந்தது. இங்கே எதுவும் எளிதாவதில்லை, செய்பவருக்கு வேலை கூடத்தான் செய்கிறது. 'மென்மையாக்கம்' பரவாயில்லை, ஆனால் முப்பரிமாண வேலையில் உருவத்தின் பரப்பை வழவழப்பாக்குவதற்கு அந்தச் சொல் தேவைப்படும். 'வேக வளைவரை' என்பதிலும் ஒரு சிக்கல். மென்பொருளில் அசைவைக் காட்டும் வரைபடத்தில் நாம் இழுத்து வளைக்கும் கோட்டில் தெரிவது இடமோ கோணமோதான். அதன் சரிவுதான் வேகம். புதிதாக வருபவர் கோடு உயரத்தில் இருக்கிறதே, வேகமாகப் போகிறது போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். நானே நினைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. டிஸ்னியின் அசைவூட்டக் கலைஞர்களான பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த அசைவூட்டத்தின் 12 கொள்கைகளில் 'ஸ்லோ இன், ஸ்லோ அவுட்' ஒன்று. கையால் வரைந்தவர்களுக்கு 'இன்' என்றால் ஒரு நிலைக்குள் மெதுவாக வந்து சேர்வது, அதாவது அசைவின் முடிவு. வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் எழுதும் 'ஈஸ்-இன்' மெதுவாகத் தொடங்குவது, அதாவது அசைவின் தொடக்கம். ஒரே 'இன்', இரண்டு எதிர் முனைகள்! அதைத் தமிழில் 'உள்', 'வெளி' என்று பெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துகொள்வோம்.

அதனால் இரு முனைக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. மெதுவாகப் புறப்படுவது மெல்லெழல், மெதுவாக வந்து நிற்பது மெல்லடங்கல். மெல்லிசை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இவை கடினமாக இருக்காது.

> எழல் என்றால் மேலே போவது போல இருக்கிறதே. கை இறங்கும்போது?

நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி எழுந்தது, ஓசை எழுந்தது என்கிறோம். அங்கே எதுவும் மேலே போகவில்லை, தொடங்குகிறது. முதலில் 'மென்தொடக்கம்' என்றுதான் யோசித்தேன். மென்பொருள், மென்பொறியாளர் எல்லாம் வந்தபிறகு அது ஏதோ கணினி நிறுவனம் தொடங்குவது போல ஒலிக்கிறது. 'மெல்லமர்வு' என்பதையும் எழுதிப்பார்த்தேன். அமர்வு என்பதைக் கணினித் தமிழில் ஏற்கெனவே 'செஷன்' என்பதற்குப் பயன்படுத்துகிறோம்.

இப்படி இரண்டாகப் பிரிப்பதால் சொல்லிக்கொடுக்கவும் வசதி. பிளெண்டரில் இரண்டு முதன்மைச் சட்டகங்களை, அதாவது நாம் குறித்துவைக்கும் தொடக்க, முடிவு நிலைகளை, வைத்தால், வேறு எதையும் மாற்றாதவரை, அது நடுவே பெசியே வளைவு என்ற வழுவழுப்பான கோட்டைத்தான் போடும்; இரு முனையும் தானாகவே மெதுவாகிவிடும். தொடக்கத்தில் அது வரம் போல இருந்தது. அப்புறம் பார்த்தால் என் பாத்திரம் ஓடினாலும் குதித்தாலும் தண்ணீருக்குள் நடப்பது போலவே மிதந்தது. எல்லா இடத்திலும் மெதுவாகக் கூடாது என்பது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. உச்சியிலிருந்து விழும் பந்துக்கு மெல்லெழல் உண்டு, மெல்லடங்கல் கிடையாது. தரையைத் தொடும் சட்டகத்தில்தான் அதன் வேகம் மிக அதிகம். அறை வாங்கிய முகம் திரும்பும்போது நேர் எதிர்: மெல்லெழல் இல்லை, மெல்லடங்கல் மட்டும். 'ஈசிங் சரியில்லை' என்று விமர்சனம் வந்தபோதெல்லாம் நான் இரு முனையையும் மாற்றிக் கெடுத்தேன். 'இங்கே மெல்லடங்கலை எடுத்துவிடு' என்று யாராவது சொல்லியிருந்தால் கோட்டை வளைக்கும் கைப்பிடிகளில் ஒன்றை மட்டும் இழுத்திருப்பேன்.

சரி, மொத்தத்துக்கு ஒரு பெயர்? போக்குவரத்து, ஏற்றத்தாழ்வு என்று இரண்டு முனையைச் சேர்த்தே முழுமையைச் சொல்வது நமக்குப் பழக்கம்தானே. 'எழலடங்கல்' என்று வைத்துப்பார்க்கிறேன். வளைகோட்டுக்கு எழலடங்கல் வளைவரை. கொஞ்சம் நீளம்தான், பொத்தானில் அடங்குமா என்பது இடைமுகம் மொழிபெயர்ப்பவர்கள் சொல்ல வேண்டியது. மெல்லெழலும் மெல்லடங்கலும் எனக்கு உறுதி. இதில் மட்டும் பாதி மனதுதான், இன்னும் சின்னதாக யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

'ஃபாலோ த்ரூ' என்ற இன்னொரு சொல்லுக்கு வந்த 'பின்தொடர்தல்' பற்றியும் சண்டை போட வேண்டியிருக்கிறது: உடல் நின்றபிறகும் கூந்தல் ஆடுகிறதே, அது யாரைப் பின்தொடர்கிறது? அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.