மறு: ஐடி சுவிட்ச் – ஆள்மாறாட்டம் வேண்டாமே

> 'ஆள்மாறாட்டம்' என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, வீடியோவில் நடமாடும் ஆட்களைத் தொடரும் மென்பொருள், ஒருவருக்குக் கொடுத்த எண்ணைத் தவறுதலாக மாற்றிவிடுவதைத்தான் 'ஐடி சுவிட்ச்' (ID switch) என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் நம் பேச்சு. 'ஆள்மாறாட்டம்' நல்ல சொல்தான், கேட்டவுடன் புரிகிறது. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவராக நடிக்கிறார் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தவருக்காகத் தேர்வு எழுதியவர், கள்ள ஓட்டுப் போட்டவர், இப்படித்தான் அந்தச் சொல்லை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். காமிராவுக்கு முன்னால் நடந்து போனவர் பாவம், எதுவுமே செய்யவில்லை. எதிரே வந்தவரைக் கடந்து போனார், அந்த நொடியில் மென்பொருள் குழம்பிவிட்டது. தப்பு அதனுடையது, பழி இவர் மேல். 'இந்த வீடியோவில் 14 ஆள்மாறாட்டங்கள்' என்று அறிக்கையில் எழுதினால் படிக்கிறவர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்.

> சரி, 'அடையாள மாற்றம்'?

இதிலும் எனக்கு ஒரு நெருடல். தடமறியும் மென்பொருளுக்கு யாருடைய அடையாளமும் தெரியாது. ஒவ்வொரு ஆளையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அதற்கு 3, 7 என்று ஓர் எண் கொடுக்கிறது, அடுத்த ஃபிரேமில் அதே எண்ணை அதே ஆளுக்கே கொடுக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. முகத்தை வைத்து இன்னார் என்று சொல்வது வேறு தொழில்நுட்பம். கண்காணிப்பு என்றாலே 'நம் பெயர் அதற்குத் தெரியும்' என்று பலர் நம்பிக்கொண்டிருக்கும்போது, 'அடையாளம்' என்ற சொல் அந்தக் குழப்பத்துக்கு நாமே எண்ணெய் ஊற்றுவது. 'தட எண்' என்றே வைத்துக்கொள்வோம்.

அப்புறம், எதை எண்ணுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 1,500. இரண்டே பேர், இருவரும் எல்லா ஃபிரேமிலும் இருக்கிறார்கள், கட்டம் போடுவதில் ஒரு பிழையும் இல்லை. சரியாகப் பாதியில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது 3 என்ற எண் 7க்கும், 7 என்பது 3க்கும் போய்விட்டது, கடைசிவரை அப்படியே. இப்படிப்பட்ட மென்பொருளுக்கு மதிப்பெண் போட 2008ல் வந்த மோட்டா (MOTA) அளவுகோல், தவறவிட்டவை, இல்லாத ஆளைக் காட்டியவை, எண் மாறியவை மூன்றையும் கூட்டி, சரியான விடையாக மனிதர்கள் கையால் குறித்த 3,000 கட்டங்களால் (ஃபிரேமுக்கு இரண்டு) வகுத்து, 1லிருந்து கழிக்கும். இங்கே பிழை வெறும் 2, மதிப்பெண் 99.93 சதவீதம்! பாதி நேரம் ஆளையே தப்பாகச் சொன்ன மென்பொருளுக்கு. 2016ல் வந்த ஐடிஎஃப்1 (IDF1) என்ற இன்னொரு அளவுகோல் முழு நீளத்தையும் பார்ப்பதால் இதே வீடியோவுக்கு 50 சதவீதம்தான் கொடுக்கும்.

ஆக, ஐடி சுவிட்ச் என்று மோட்டா எண்ணுவது அந்த ஒரு கண நிகழ்வை. அதற்குப் பிறகு நீடிக்கும் தப்பான நிலையை அல்ல. 'மாறாட்டம்' என்றால் நிலை போலத் தொனிக்கிறது. அதனால் என் பரிந்துரை: எண் தாவல். குரங்கு கிளை விட்டுக் கிளை தாவுவது போல, எண் ஆள் விட்டு ஆள் தாவுகிறது.

—

> தாவல் அழகாக இருக்கிறது. ஆனால் 3 என்றிருந்தவர் மறைந்து, வெளியே வரும்போது 9 என்று புது எண் வாங்கினால்? 3 எங்கே தாவியது?

நியாயமான கேள்வி, மாட்டிக்கொண்டேன். 3 எங்கும் தாவவில்லை, செத்துப்போனது; 9 புதிதாகப் பிறந்தது. ஆனால் மோட்டா இதையும் ஐடி சுவிட்ச் என்றுதான் எண்ணுகிறது, ஏனென்றால் அது கணக்குப் பார்ப்பது எண்ணின் பக்கமிருந்து இல்லை, ஆளின் பக்கமிருந்து: இவருக்குப் போன முறை என்ன எண் சொன்னாய், இப்போது என்ன சொல்கிறாய்?

இதை எழுதும்போதே பிறழ்சாட்சி ஞாபகம் வந்தது. முன்பு ஒன்று சொல்லி, கூண்டில் ஏறி வேறொன்று சொல்கிறவர். நம் மென்பொருள் செய்வது அதேதான், முன்பு 3 என்றது, இப்போது 9 என்கிறது, வேறு யாருக்காவது 3ஐக் கொடுத்ததா இல்லையா என்பது அதற்கப்புறம். எனவே தாவலைத் திரும்பப் பெறுகிறேன், 'தட எண் பிறழ்வு' என்று வைக்கலாம். 'எண் பிறழ்ந்தது', '14 பிறழ்வுகள்' என்று வினையாகவும் பன்மையாகவும் வளைகிறது, அட்டவணைத் தலைப்பிலும் அடங்கும். வெறும் 'எண் பிறழ்வு' மட்டும் வேண்டாம், கூட்டத்தில் தலை எண்ணுவதில் வந்த பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. மறைந்தவர் திரும்ப வரும்போது அதே 3 ஆகவே வந்தால் அது பிறழ்வு இல்லை, நடுவில் தடம் அறுந்தது, அவ்வளவே. அதற்குத் 'தட முறிவு' என்ற தனிச் சொல் போதும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.